பால் சங்கத்தின் சுமை யார் தலையில்?

(மாரண்டஹள்ளியில் கறவை மாடு வைத்திருப்பவர்களும், விவசாயத் தொழிலாளர்களும், ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



காலைப் பாலை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சாயங்காலக் கறவைக்கு முன்னால் உங்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மாடு கூட்டம் முடிகிறவரை காத்திராது. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பாலைச் சங்கத்தில் ஊற்றுவதா, வாசலுக்கு வருகிற தனியார் வண்டியில் ஊற்றுவதா? நமது தோழர்களில் சிலர் இதற்குப் பதில் சொல்லும்போது கோபப்படுகிறார்கள். தனியாருக்கு ஊற்றுகிறவன் சங்கத் துரோகி என்கிறார்கள். இந்த அபிப்பிராயம் எனக்குச் சம்மதமில்லை. துரோகி என்று ஒருவரைச் சொல்லுவதற்கு முன்னால் அவர் வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்போம். நிலமில்லாத ஒரு விவசாயத் தொழிலாளியின் குடும்பம். பஞ்சப்பள்ளி சின்னாறு அணையில் தண்ணீர் நின்றால் நடவு உண்டு, களை உண்டு. தண்ணீர் இல்லையென்றால் அதுவும் இல்லை. தக்காளி பறிப்புக்குப் போகலாம். ஆனால் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்துவிட்டால் பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று தோட்டக்காரர் செடியிலேயே விட்டுவிடுகிறார். பட்டுப் புழு வளர்க்கிற வீட்டில் தழை பறிக்கிற வேலை கிடைக்கும். அதுவும் கூடு கட்டுகிற வரையில்தான். இப்படி நின்று நின்று வருகிற கூலிக்கு நடுவிலே, தினம் இரண்டு வேளை நிற்காமல் வருவது ஒரு மாட்டின் பால் மட்டும்தான். எட்டு லிட்டர் கறக்கிற மாடு என்று வையுங்கள். 2023 டிசம்பரில் பசும்பாலுக்கு நிர்ணயித்த 38 ரூபாய் விலையில் போட்டால் நாளைக்கு 304 ரூபாய். அதில் புண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் எவ்வளவு, வைத்தியருக்கு எவ்வளவு, மாடு வாங்கிய கடனுக்கு எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். நான் ஆண்பிள்ளை, மேடையில் நின்று கணக்குச் சொல்லுகிறேன். அடுப்படியில் நின்று அந்தக் கணக்கைத் தினமும் போடுகிற தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட வருகிற இடத்துக்குப் பால் போனால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த ஒரு ரூபாய் எதற்காக வருகிறது, எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேட்க வேண்டும் அல்லவா?

தனியார் வண்டி ஜெயிப்பது வெறும் விலையினால் மட்டும் அல்ல. வாசலுக்கே வருகிறான். மாடு வாங்க முன்பணம் தருகிறான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டுமென்றால் அன்றைக்கே கையில் பணம் வைக்கிறான். சங்கத்திலோ வரிசையில் நிற்க வேண்டும், டிகிரி பார்க்க வேண்டும். வாரப் பட்டுவாடா தள்ளிப்போனால், ஒன்றியத்திலிருந்து பணம் வரவில்லை என்று செயலாளர் கையை விரிக்கிறார். முன்பணம் வாங்கியவர் அது தீருகிறவரை வேறு இடத்தில் ஊற்ற முடியாது. தீருவதற்குள் அடுத்த முன்பணம். மாடு உங்களுடையது, தீனி உங்களுடையது, பால் மட்டும் அவனுடையது.

இது புதிய தந்திரமென்று நினைக்காதீர்கள். ரிசர்வ் பாங்கு 1951-52ம் வருஷத்தில் நாடு முழுவதும் கிராமக் கடனைப் பற்றி ஒரு பெரிய விசாரணை நடத்தியது. அதன் அறிக்கை 1954ல் வெளிவந்தது. விவசாயி வாங்குகிற 100 ரூபாய்க் கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய் சொச்சம். வட்டிக்கடைக்காரர்களும் வட்டிக்கு விடுகிற பெரிய விவசாயிகளும் கொடுத்தது சுமார் 70 ரூபாய். அவசரத்துக்குப் பணம் கொடுக்கிறவன் கையில்தான் விளைச்சல் போய்ச் சேரும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அன்று நெல், இன்று பால்.

சரி, அந்தத் தனியார் விலை எப்போதும் நிற்குமா? 2020ம் வருஷம் ஊரடங்கு வந்ததே, அப்போது என்ன நடந்தது? டீக்கடை மூடியது, ஓட்டல் மூடியது, கல்யாணம் நின்றது. பாலுக்குக் கிராக்கி இல்லை. தமிழ்நாடு பூராவிலும் தனியார் கம்பெனிகள் கொள்முதலைக் குறைத்தன, விலையையும் குறைத்தன. மாட்டுக்கு ஊரடங்கு தெரியுமா? அது வழக்கம்போல் கறந்தது. அந்தப் பால் எங்கே போயிற்று? சங்கத்துக்கு வந்தது. முன்பு கோபித்துக்கொண்டு போனவர்களின் பாலும் வந்தது. ஆவின் கொள்முதல் மடமடவென்று ஏறியது. வேண்டாமென்று சொல்ல முடியாத இடம் அது. உறுப்பினர் கொண்டுவந்த பாலைச் சங்கம் வாங்கியாக வேண்டும். வாங்கிய பாலை ஒன்றியம் பவுடராக்கியாவது வைக்க வேண்டும். பவுடர் கிடங்கில் கிடக்கிறவரை முதல் முடங்கிக் கிடக்கும். பிறகு நிலைமை மாறியது, கிராக்கி வந்தது, தனியார் வண்டிகள் ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிக்கொண்டு மறுபடி வாசலில் வந்து நின்றன.

நல்ல காலத்துப் பால் தனியாருக்கு, கெட்ட காலத்துப் பால் சங்கத்துக்கு! இந்த ஏற்பாட்டில் எந்த வியாபாரம் லாபத்தில் நடக்கும்? சங்கம் நஷ்டத்தில் நடக்கிறது என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுவதில்லை.

இனி இன்னொரு கணக்குக்கு வருகிறேன். இது ஆலைத் தொழிலாளர்களுக்கும் சம்பந்தப்பட்டது, ஆகையால் பின்னால் உட்கார்ந்திருக்கிற தோழர்களும் கவனிக்க வேண்டும்.

பசும்பாலின் கொள்முதல் விலை 2019 ஆகஸ்டில் 28லிருந்து 32 ரூபாயாக உயர்ந்தது. 2022 நவம்பரில் 35 ஆயிற்று. 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் இதரச் சத்தும் இருக்கிற பாலுக்கு இந்த விலை. குறைந்தால் விலையும் குறையும். 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் பசும்பாலுக்கு 42, எருமைப் பாலுக்கு 51 வேண்டுமென்று கோரி, பால் ஊற்றாமல் நிறுத்திப் போராடினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 18ந் தேதியிலிருந்து லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. பசும்பால் 38, எருமைப் பால் 47. கேட்டதில் பாதிக்கும் குறைவு. கேட்காமலிருந்தால் அதுவும் வந்திராது.

விற்கிற விலை என்ன? 2021 மே 16ந் தேதி ஆவின் பால் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். நீலப் பாக்கெட் 43லிருந்து 40 ஆயிற்று. 38க்கு வாங்கத் தொடங்கிய நாளிலும் அது 40தான். இடையில் இருப்பது இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயில் கேன் வர வேண்டும், லாரி ஓட வேண்டும், குளிர வைக்க வேண்டும், பாக்கெட் போட வேண்டும், தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், முகவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். நடக்கிற காரியமா? நீலப் பாக்கெட்டில் கொழுப்பு குறைவு. எடுத்த வெண்ணெயை நெய்யாக்கி விற்கிறார்கள், வேறு பாக்கெட்டுகளை அதிக விலைக்கு விற்கிறார்கள் என்பது வாஸ்தவம். அப்படி அங்கே இங்கே தேடித்தான் ஈடுகட்டுகிறார்கள். ஈடுகட்ட முடியாத மாதத்தில் எதை நிறுத்தி வைப்பார்கள்? டீசல்காரன் கடன் கொடுக்க மாட்டான். மின்சார வாரியம் விடாது. நிறுத்தி வைக்கக்கூடிய பணம் ஒன்றே ஒன்று, பால் ஊற்றியவரின் பணம்.

விலையைக் குறைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கும் ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தைக்கும் மலிவாகப் பால் கிடைக்க வேண்டும். அது சர்க்காரின் கடமை. ஆனால் கடமை சர்க்காருடையது என்றால் அந்தச் செலவும் சர்க்காருடைய கஜானாவிலிருந்து வர வேண்டும். சங்கத்தின் முதலிலிருந்து வரக்கூடாது. நமக்குப் பக்கத்தில் கர்னாடகத்தில் என்ன செய்கிறார்கள்? கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுகிற பாலுக்கு ஒன்றியம் கொடுக்கிற விலை போக, சர்க்கார் தன் பணத்திலிருந்து தனியாக ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2008ல் 2 ரூபாயில் ஆரம்பித்து, பிறகு 5 ரூபாய் வரை போயிற்று. அங்கே எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறதென்று சொல்ல வரவில்லை. அங்கேயும் பாக்கி நிற்கிறது, அங்கேயும் சண்டை நடக்கிறது. ஆனால் எந்தப் பணம் யாருடைய பொறுப்பு என்று அங்கே பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

நகரத்திலே பால் வாங்குகிறவனையும் கிராமத்திலே பால் ஊற்றுகிறவளையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது சுலபம். விலையைக் கூட்டினால் தொழிலாளி திட்டுவான், குறைத்தால் விவசாயி திட்டுவான் என்று அதிகாரிகள் சொல்லுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே கோரிக்கையை ஒரே மகஜரில் எழுதிக் கொடுத்தால் யாரைத் திட்டுவதென்று அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

பாலக்கோட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் இதே கதைதான். 2019 பிப்ரவரியில் சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலையைக் கிலோவுக்கு 31 ரூபாய் என்று மத்திய சர்க்கார் நிர்ணயித்தது. அப்போது கரும்பின் ஆதார விலை குவிண்டாலுக்கு 275. 2025-26 பருவத்துக்கு 355 என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். அன்றைக்கும் சர்க்கரைக்கு அதே 31தான். கரும்பு விலை கூடியதில் நமக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு பக்கத்தை ஏற்றி மறுபக்கத்தை அசையாமல் வைத்தால் நடுவில் இருக்கிற கூட்டுறவு ஆலைதான் நசுங்கும். இதை இத்துடன் விடுகிறேன். கரும்பைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போட வேண்டும்.

இப்போது ஒரு புதிய விஷயம். 2023 மே 25ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குஜராத்திலுள்ள கைரா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம், அதாவது அமுல், பல மாநிலக் கூட்டுறவு என்ற உரிமத்தைக்கொண்டு கிருஷ்ணகிரி ஜில்லாவில் குளிர்விப்பு நிலையங்களும் பதப்படுத்தும் ஆலையும் வைத்திருக்கிறது; கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள், சுயஉதவிக் குழுக்கள் மூலமாகப் பால் வாங்கத் திட்டமிட்டிருக்கிறது; இதைத் தடுக்க வேண்டும் என்று அந்தக் கடிதம் கேட்டது. ஆவினுக்கு 9,673 கிராமச் சங்கங்கள் இருக்கின்றன, சுமார் நாலரை லட்சம் பேர் நாளொன்றுக்கு 35 லட்சம் லிட்டர் ஊற்றுகிறார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அதைப் படித்துவிட்டு ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அமுலும் கூட்டுறவுதானே? தனியாருக்கு ஊற்றினால் தப்பு, கூட்டுறவுக்கு ஊற்றினால் என்ன தப்பு?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அமுல் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் கைரா ஜில்லாவின் பாலை பம்பாய்க்கு அனுப்புகிற ஏகபோகம் போல்சன் என்ற கம்பெனியிடம் இருந்தது. பம்பாய் சர்க்கார் நகரத்துக்குப் பால் வாங்க 1945ல் ஒரு திட்டம் போட்டபோது, அந்தக் கம்பெனியிடமே கொள்முதலை ஒப்படைத்தது. நகரத்தில் பணம் புரண்டது, கறந்தவனுக்கு வந்தது சொற்பம். விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். அரசியலில் எங்களுக்கும் படேலுக்கும் ஆகாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன யோசனை சரியான யோசனை. சொந்தமாகச் சங்கம் வையுங்கள், மறுத்தால் பாலை நிறுத்துங்கள் என்றார். 1946 ஜனவரி 4ந் தேதி சமர்கா என்ற கிராமத்தில் கூடினார்கள். மொரார்ஜி தேசாய் வந்திருந்தார். ஊருக்கொரு சங்கம், ஜில்லாவுக்கு ஒரு ஒன்றியம், சங்கத்திடம் தவிர வேறு யாரிடமும் பால் வாங்கக்கூடாது என்று தீர்மானம். சர்க்கார் மறுத்தது. பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால் வெளியே போகவில்லை. பம்பாய்த் திட்டம் படுத்துவிட்டது. பால் கமிஷனர் இறங்கி வந்தார். அந்த வருஷம் டிசம்பர் 14ந் தேதி ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைவர்.

அவர்கள் எதற்காக அந்தப் பதினைந்து நாள் பட்டினி கிடந்தார்கள்? எங்கள் ஊர்ப் பாலை எங்கள் சங்கம் மூலமாகத்தான் வெளியார் வாங்க வேண்டும் என்ற உரிமைக்காக. அந்த உரிமையிலே பிறந்த ஒன்றியம், நமது வட்டாரத்தில் சங்கம் இருக்கும்போது சங்கத்தைச் சுற்றிக்கொண்டு பால் வாங்க வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? கைராவில் பால் ஊற்றுகிறவர் அந்த ஒன்றியத்துக்குச் சொந்தக்காரர். லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு, நிர்வாகத்தில் அவருக்கு ஓட்டு உண்டு. மாரண்டஹள்ளியில் குழு மூலமாக ஊற்றுகிறவருக்கு அங்கே ஓட்டு இல்லை. அவர் சரக்கு விற்கிறவர், அவ்வளவுதான். அப்படியானால் தனியார் வண்டிக்கும் இதற்கும் நமக்கு உள்ள வித்தியாசம், வண்டியின் மேலே எழுதியிருக்கிற எழுத்து மட்டும்தான்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1992ல் வந்த பால் கட்டுப்பாட்டு உத்தரவில், இன்ன ஆலைக்கு இன்ன வட்டாரத்துப் பால் என்று எல்லை வகுக்கும் ஏற்பாடு இருந்தது. 2002ல் திருத்தம் கொண்டுவந்து அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பணமுள்ளவன் எங்கேயும் வந்து வாங்கலாம். முதலமைச்சர் கடிதம் எழுதுகிறார், வாஸ்தவம், எழுத வேண்டியதுதான். ஆனால் கடிதத்தினால் மட்டும் வண்டி நின்றுவிடாது. சங்கத்தில் பட்டுவாடா ஒழுங்காக நடக்கிற ஊரில் எந்த வண்டியும் காலியாகத்தான் திரும்பும்.

சங்கம் சின்ன வியாபாரம் என்று சொல்லுகிறார்களே, அதுவும் சரியல்ல. நாளொன்றுக்கு 1,000 லிட்டர் வாங்குகிற சங்கம் 38 ரூபாய் விலையில் வருஷத்துக்கு 1 கோடியே 38 லட்சம் ரூபாய் பட்டுவாடா செய்கிறது. ஒரு கோடிக்கு மேல் ரொக்கம் எடுத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வரி பிடிக்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் சட்டம் வந்தபோது, கறுப்புப் பணக்காரனும் பால் சங்கமும் ஒரே வரிசையில் நின்றார்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்த வரம்பை 3 கோடியாக்க 2023 பட்ஜெட் வரை ஆயிற்று. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்களே, ஞாபகமிருக்கிறதா? மற்ற பாங்குகள் பழைய நோட்டை வாங்கின. நவம்பர் 14ந் தேதி உத்தரவு போட்டு, ஜில்லா மத்திய கூட்டுறவு பாங்குகள் மட்டும் வாங்கவும் கூடாது, மாற்றவும் கூடாது என்றார்கள். விவசாயியின் பாங்கைத்தான் முதலில் சந்தேகித்தார்கள்.

இவ்வளவும் வெளியிலிருந்து வருகிற சுமை. உள்ளே என்ன நடக்கிறது? 2013லும் 2018லும் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கள் நடந்தன. அவை எந்த லட்சணத்தில் நடந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தேர்தல் என்று ஒன்று நடந்தது. 2023ல் நிர்வாகக் குழுக்களின் காலம் முடிந்தபோது அடுத்த தேர்தலை நடத்தாமல் தனி அதிகாரிகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். தனி அதிகாரி நல்லவராகக்கூட இருக்கலாம். ஆனால் பட்டுவாடா தள்ளிப்போனால் அவர் வீட்டு அடுப்பு அணையாது. ஊற்றுகிறவர்களே தேர்ந்தெடுத்த குழு என்றால், சாயங்காலம் அந்தத் தலைவரும் அதே வரிசையில் கேனோடு நிற்க வேண்டும். அங்கே வைத்துக் கேட்கலாம்.

சங்கத்துக்கு உள்ளேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. டிகிரியும் கொழுப்பும் உங்கள் கண்ணுக்கு எதிரிலே பார்த்து, அங்கேயே சீட்டு எழுதித் தருகிறார்களா? எல்லார் பாலையும் ஒன்றாகக் கலந்து ஒரு விலை போட்டால், நன்றாகத் தீனி போட்டவர் ஏமாறுகிறார், தண்ணீர் கலந்தவர் பிழைத்துக்கொள்கிறார். பிறகு நல்ல பால்காரர் கோபித்துக்கொண்டு வண்டிக்குப் போகிறார். மிச்சம் இருக்கிற பாலின் தரம் இன்னும் குறைகிறது. தனியார் சூழ்ச்சி என்று இதற்கும் சொல்லித் தப்பிக்க முடியாது. இது நமது வேலை. சங்கத்துக் கேனில் தண்ணீர் ஊற்றுகிறவர் நம்முடைய ஆளாக இருந்தாலும் கூட்டத்தில் எழுந்து சொல்லத்தான் வேண்டும்.

நேரமாகிவிட்டது. மகஜரில் என்ன எழுதுவது என்று பேசி முடிப்போம். வாரத்தில் குறித்த நாளில் பட்டுவாடா, தவறினால் தாமதத்துக்கு வட்டி. மலிவு விலையினால் ஒன்றியத்துக்கு வருகிற நஷ்டத்தைச் சர்க்கார் மாதா மாதம் ஈடுசெய்வது. மாடு வாங்கக் கடன் சங்கம் மூலமாகவே கிடைப்பது. அது கிடைத்தால்தான் தனியார் முன்பணத்திலிருந்து நமது ஜனங்கள் வெளியே வர முடியும். தேர்தல். இவற்றில் பால் ஊற்றுகிறவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. பால் வாங்குகிற ஆலைத் தோழர்களும் போட வேண்டும். யூனியனில் பேசி அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தருவதாகச் சில தோழர்கள் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மகஜரில் வெறும் பேச்சு இருந்தால் அதிகாரி மதிக்க மாட்டார், கணக்கு வேண்டும். ஆகையால் அடுத்த பட்டுவாடா நாளன்று எல்லாரும் பாஸ் புஸ்தகத்தை எடுத்து வாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் பணம் என்றைக்கு வர வேண்டும், என்றைக்கு வந்தது, எத்தனை நாள் தள்ளியது என்று எழுதிக்கொள்ளுவோம். புஸ்தகம் தொலைந்தவர்கள் சீட்டுகளையாவது கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேரும் வரட்டும். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிடலாம்.